மனேஜர் படலைக்குள் வந்தால்

என் அக்காவைப் பெண் கேட்டு ஒரு மனிதர் வீட்டுக்கு வந்தார். அவரை வாயைத் திறக்க விடாமல் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள் அக்கா. அவளுக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. நன்றாகவே பிடித்திருந்தது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வருவது அதனால்தான். நாற்பத்தேழு வயதில் வாசல் படலை தாண்டி வந்த நல்ல காரியத்தை அவள் தன் வாயாலேயே திருப்பி அனுப்பினாள் என்றால், அதில் பாதிக் குற்றம் அந்த மனிதருடையது. அப்படியொரு பழக்கத்தை அவர் ஊருக்கே பழக்கி வைத்திருந்தார்.

அவர் ஊர்காவற்றுறையில் ஒரு வங்கியின் மனேஜர். எங்கள் ஊரான கரம்பொன்னில் வேதக்கோயிலுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். மனைவி செத்துப் பல வருஷம், ஒரே மகன் அவுஸ்திரேலியாவில். கோயிலில் பங்குச்சபைச் செயலாளர் அவர்தான், சனசமூக நிலையத்தில் தலைவரும் அவர்தான். எங்கே எந்தப் பதவியில் இருந்தாலும் ஊர் அவரை மனேஜர் என்றே கூப்பிட்டது. அவருக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே கோயிலில் செத்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது அவருடைய மனைவியின் பெயரோடு சேர்த்து வாசித்தால்தான் எங்களுக்கு ஞாபகம் வரும்.

பழக்கம் இதுதான். நீங்கள் வங்கியில் கடன் கேட்டு, அது சரிவந்தால் அங்கே வேலை செய்கிற ஒரு பெடியன் உங்களுக்கு டெலிபோன் எடுப்பான். “வந்து கையெழுத்து வையுங்கோ” என்பான், டெலிபோனை வைத்துவிடுவான். கடன் இல்லை என்றால் மனேஜர் நேரில் உங்கள் வீட்டுக்கு வருவார். வங்கி பூட்டியபின், வெயில் தணிந்த நேரம், அந்தப் பழைய மோட்டார் சைக்கிளில் வருவார். படலையடியில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிப் படலைக் கம்பில் மாட்டுவார். உள்ளே வந்து கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளின் படிப்பு விசாரித்து, பிறகு உங்கள் முகத்தைப் பார்த்து, “ஏலாமல் போச்சுது தங்கச்சி” என்பார். ஏன் ஏலாமல் போனது என்பதை உங்களுக்கு விளங்கும்வரை சொல்லுவார். நீங்கள் அழுதால் இருப்பார். ஏசினாலும் இருப்பார். அழுது ஏசி முடித்த பிறகுதான் எழும்புவார்.

கொஞ்சக் காலத்தில் ஊர் இதைப் படித்துவிட்டது. மனேஜர் ஹெல்மெட்டோடு போனால் பயமில்லை, அவர் தன் பாட்டுக்குப் போகிறார். ஹெல்மெட் உங்கள் படலையில் தொங்கினால் முடிந்தது கதை. பக்கத்து வீட்டுச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “பாவம், அவைக்கும் இல்லையாம்” என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடும். மனேஜர் இன்னும் கதிரையில் இருந்திருக்கவும் மாட்டார்.

கோழிப்பண்ணை போடக் கடன் கேட்டிருந்த ஒருவர், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கக்கூசுக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி வாசலில் நின்று, “அவர் யாழ்ப்பாணம் போட்டார், வரப் பொழுதுபடும்” என்று சொல்லியிருக்கிறாள். “அப்ப வரட்டும், நான் இருக்கிறன்” என்று மனேஜர் மாமரத்தின் கீழே கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். செபமாலையை எடுத்து ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினாராம். எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் கக்கூசுக்குள் இருப்பான்? கடைசியில் வேர்த்து விறுவிறுத்து அவர் வெளியே வர, மனேஜர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வாங்கோ அண்ணை, யாழ்ப்பாணத்தாலை களைச்சு வந்திருப்பியள், இருங்கோ” என்றாராம். அந்த மனுஷன் சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்து, இல்லை என்ற பதிலையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

நெடுந்தீவுக்கும் போயிருக்கிறார், இல்லை சொல்ல. நெடுந்தீவில் மாடு வளர்க்கும் ஒருவர் உழவு மெசின் வாங்கக் கடன் கேட்டிருந்தார். ஒரு டெலிபோனில் முடிகிற விஷயம். மனேஜர் குறிகாட்டுவான் துறைக்குப் போய் வள்ளம் ஏறினார். சோளகக் காற்று அடிக்கிற காலம் அது. போய்ச் சேர்ந்து இல்லை என்று சொல்லி முடிக்கவும், கடல் சரியில்லை, இன்றைக்கு வள்ளம் திரும்பாது என்று செய்தி வரவும் சரியாக இருந்தது. இல்லை சொன்ன வீட்டிலேயே தங்கவேண்டி வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் ஒடியல் கூழ் காய்ச்சி, நண்டும் மீனும் போட்டு மனேஜருக்கு ஊற்றினார். அடுத்த திருவிழாவுக்கு எங்கள் கோயிலுக்கு வந்தபோது அவரே எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார்.

“எனக்குக் கடன் இல்லை எண்டு சொல்லிப்போட்டு, என்ரை பாயிலை படுத்து, என்ரை தலையணையிலை குறட்டை விட்ட மனுசன் இவர். ஆனால் ஒண்டு, கூழை மூண்டு தரம் கேட்டு வாங்கிக் குடிச்சவர். அதோடை என்ரை கோவம் போச்சுது.”

கோயில் காரியத்திலும் இதே கூத்துத்தான். கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், கோயில் வாசலில் பெரிய வளைவு கட்டித் தருகிறேன், அதில் என் தகப்பனின் பெயரைப் பெரிதாகப் போடவேண்டும் என்றார். பங்குச்சபை கூடி, பெயர் போடுவதில்லை என்று முடிவெடுத்தது. செயலாளர் அதை அறிவிக்க வேண்டும். மனேஜர் அறிவிக்கவில்லை. கனடாக்காரர் பங்குச் சுவாமியாருக்கு டெலிபோனுக்கு மேல் டெலிபோன் எடுத்தார். சுவாமியார் மனேஜரைப் பிடித்து, “ஐயா, ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ, எனக்கு நிம்மதி இல்லை” என்றார். மனேஜர் அசையவில்லை. “அவர் திருவிழாவுக்கு வருவார்தானே பாதர், வந்தாப்போலை சொல்லுவம்” என்றார். அடுத்த வருஷத் திருவிழா வரை அந்த ‘இல்லை’ பெட்டிக்குள் கிடந்தது. கனடாக்காரர் வந்தார். அதுவும் சும்மா வரவில்லை, தகப்பனின் பெயர் வெட்டிய பித்தளைத் தகட்டையும் சூட்கேசில் வைத்துக்கொண்டு வந்தார். அன்று பின்னேரமே மனேஜரின் ஹெல்மெட் அந்த வீட்டுப் படலையில் தொங்கியது. கனடாக்காரர் கத்திய கத்தல் சந்திவரை கேட்டது. கத்தி முடியும்வரை இருந்துவிட்டு மனேஜர் கேட்டாராம், “நாளைக்குத் திருவிழாச் சுற்றிலை சுரூபக்கூடு தூக்க ஆள் காணாது. உங்கடை அப்பா தூக்கின பக்கம் காலியாக் கிடக்குது. வாறியளோ?” மறுநாள் அவர் வந்து தூக்கினார். இரண்டு நாள் இடுப்பு நிமிராமல் படுத்தும் கிடந்தார். தகடு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது.

ஒரு தடவை எனக்கே பொறுக்கவில்லை. கோயில் கூட்டி முடித்து வாசலில் நின்றபோது நேரே கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊரறிந்த விஷயம்.

“ஏன் மனேஜர், ஓம் எண்டதை டெலிபோனிலை சொல்லுறியள், இல்லை எண்டதை மட்டும் எண்ணெய் எரிச்சு வந்து சொல்லுறியள்? சனம் உங்களைக் கண்டாலே நடுங்குது.”

அவர் கோபிக்கவில்லை.

“என்ரை அப்பருக்கு ஒருக்கா இல்லை எண்டு ஒரு கடிதம் வந்தது, தங்கச்சி. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். ஏன் எண்டு கேக்கவும் ஆள் இல்லை, ஏசவும் ஆள் இல்லை. கடிதத்தோடை சண்டை பிடிக்க ஏலாது எல்லோ. என்னோடையெண்டால் பிடிக்கலாம்.”

நான் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது, “நல்ல மனுசன்” என்றாள். அக்கா ஓர் ஆம்பிளையை நல்லவன் என்று சொன்னதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா போன பிறகு எங்களை வளர்த்தவள் அவள்தான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலும் சட்டி பானையோடு எங்களையும் இழுத்துக்கொண்டு திரிந்தாள். தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பி, எனக்குக் கலியாணம் செய்துவைத்து அதே வளவுக்குள் இருத்தி, திரும்பிப் பார்க்க அவளுக்கு வயது போய்விட்டது. அதைப் பெரிய தியாகமாகச் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் இல்லை அவள். “எனக்கு நேரம் வரேல்லை” என்பாள், அவ்வளவுதான். மிளகாய்த்தூள் அரைப்பித்து விற்பதுதான் அவளுடைய தொழில். எங்கள் தீவிலிருந்து லண்டனுக்கோ பாரிசுக்கோ பிளேன் ஏறுகிற பெட்டிகளில் அக்காவின் தூள் இல்லாத பெட்டி குறைவு. வறுப்பது நாங்கள், அரைக்க மட்டும் பஸ் ஏறி வேறு ஊர் மில்லுக்குப் போகவேண்டும். அங்கே எங்கள் மிளகாயோடு யாருடைய அரிசி மாவும் கலக்கும். சொந்தமாக ஒரு மில் போடவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்குத்தான் வங்கியில் கடன் கேட்டிருந்தாள்.

கேட்ட நாளிலிருந்து அக்காவுக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கை ஓடாது. அதிலே பெரிய பகிடி, மனேஜர் எங்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை, கிழமை தவறாமல் வருகிறவர். தூள் வாங்க வருவார். ஆனால் படலைக்கு வெளியே, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல். அக்கா தூள் பையைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் காசு கொடுப்பார். “மழை வரும் போலை கிடக்கு” என்பார். “ஓம், கறுத்துக்கொண்டுதான் வருது” என்பாள் அக்கா. வெயில் கொளுத்துகிற பங்குனியிலும் இதே கதைதான். ஒரு தனி மனிதனுக்குக் கிழமைக்குக் கிழமை கால் கிலோத் தூள் எதற்கு? “மனேஜர் தூளைக் கறிக்குப் போடுறாரோ, இல்லாட்டித் தலையிலை தேச்சுக் குளிக்கிறாரோ?” என்று நான் அக்காவை வம்புக்கு இழுப்பேன். “வியாபாரத்தைக் கெடுக்காதை” என்று அவள் அகப்பையை ஓங்குவாள்.

இன்னொன்றையும் நான் அப்போது கவனிக்கவில்லை. ஊரிலுள்ள பெண்கள் எல்லோரும் அவருக்குத் தங்கச்சி. என்னைத் தங்கச்சி என்பார், கோழிப்பண்ணைக்காரரின் மனைவியைத் தங்கச்சி என்பார், தன்னைவிட மூத்தவர்களையும் சிலநேரம் வாய் தவறித் தங்கச்சி என்பார். அக்காவை மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு அது. காலைப் பூசை முடிந்து வந்து, அக்கா மிளகாய் வறுக்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் மிளகாய் போடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மறுநாள் யாரோ பிளேன் ஏறுகிறார்கள், அவசரம். புகை வீடெல்லாம் அடைத்து, நான் தும்மிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மனேஜரின் மோட்டார் சைக்கிள் படலையில் நின்றது. மனிதர் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். படலைக் கம்பில் மாட்டினார்.

“அக்கா!” என்றேன். என் குரலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. குசினி யன்னலால் பார்த்தாள். கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. மிளகாய் கருகுகிற மணம் வந்தும் அவள் கிளறவில்லை. பிறகு அடுப்பை நூர்த்து, முகத்தைத் துடைத்து, முதுகை நேராக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மனேஜர் மினுக்கிய, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். கையில் ஒரு பை, அதற்குள் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம். கதிரையில் இருந்து பையைக் காலடியில் வைத்தார். நான் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தேன். மிளகாய்ப் புகை அவருக்கு மூக்கில் ஏறிவிட்டது. வாயைத் திறந்தார், தும்மினார். லேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி திறந்தார், மறுபடி தும்மினார். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீராக ஓடியது.

“நான் வந்தது...” என்றார்.

“சொல்லவேண்டாம்,” என்றாள் அக்கா. “எனக்கு விளங்குது.”

“இல்லை, நான் ஒருக்கா...”

“வேண்டாம் எண்டு சொல்லுறன் எல்லோ. உங்களிலை எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ.”

அவர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எத்தனையோ வீட்டுக் கதிரைகளில் அழுகையையும் ஏச்சையும் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்த மனிதர், அன்று உடனே எழும்பிவிட்டார். “சரி,” என்றார். “சரி, அப்ப நான் வரட்டே.” தேத்தண்ணி பாதி அப்படியே இருந்தது. மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணாமல் சந்திவரை உருட்டிக்கொண்டே போனார். ஹெல்மெட்டை மறந்து விட்டுவிட்டார், நான்தான் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தேன். அதை வாங்கும்போதும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. மிளகாய் பொல்லாத மிளகாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா அன்று சாப்பிடவில்லை. மில் போடலாம் என்று கொத்தித் துப்புரவாக்கி வைத்திருந்த வளவு மூலையில் போய்ச் சும்மா நின்றாள். “எங்களுக்கு எழுதினது இவ்வளவுதான்” என்றாள். எனக்கு அந்த மனேஜர்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை காலை வங்கியிலிருந்து அந்தப் பெடியன் டெலிபோன் எடுத்தான். “அக்கா, உங்கடை கடன் சரி. வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்து வையுங்கோ.”

அக்கா டெலிபோனை வைத்துவிட்டுச் சிரித்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அப்படியே நின்றுவிட்டாள்.

“அப்ப அவர் நேற்று என்னத்துக்கு வந்தவர்?”

இரண்டு பேரும், அவர் விட்டுப்போய்க் குசினியில் தொங்கிய வாழைப்பழச் சீப்பைப் பார்த்தோம். இல்லை சொல்லப் போகிற வீட்டுக்கு மனேஜர் ஒருநாளும் பழம் கொண்டு போனதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் வங்கிக் கதை கதைத்ததும் இல்லை. மினுக்கிய வெள்ளைச் சேட்டு, கால் கிலோத் தூள், மழை வரும் போலை கிடக்கு... எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வெளித்தது. நான் நிலத்தில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கிவிட்டேன்.

“அடியே விசரி, அந்த மனுசன் உன்னைக் கேக்க வந்தது!”

“உனக்குத்தான் விசர்” என்றாள் அக்கா. ஆனால் முகம் அந்த மிளகாயின் நிறத்துக்குப் போய்விட்டது.

சும்மா சிரித்துக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தேன். எப்படியும் கிழமை முடிவில் தூள் வாங்க வருவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் விபூதிப் புதனன்று பூசை முடிய, சுவாமியார் அறிவித்தலில் ஒரு குண்டைப் போட்டார். மனேஜருக்குக் கிளிநொச்சிக்கு மாற்றம் வந்திருக்கிறதாம். முதலில் அதை நிற்பாட்டச் சொல்லி எழுதியவர், இப்போது போகிறேன் என்று சொல்லிவிட்டாராம். மாத முடிவில் போகிறார், பங்குச்சபைக்குப் புதுச் செயலாளர் தேட வேண்டும். அக்கா சாம்பல் பூசிய நெற்றியோடு திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். மனேஜர் கடைசி வாங்கில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வரும் வழியில் அக்காவின் குரல் உடைந்துவிட்டது. அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு நான் அதைக் கேட்டதில்லை.

“நான் அந்த மனுசனை வாயைத் திறக்கவே விடேல்லையடி.”

“அப்ப போய்ச் சொல்லு. வீடு கோயிலுக்குப் பக்கத்திலைதானே.”

“வீட்டை போறதோ? விசரே உனக்கு? நான் அவற்ரை படலையைத் திறந்தால் அவர் என்ன நினைப்பார்? அவரே பழக்கின பழக்கம் எல்லோ. சரியாய் இல்லை எண்டு சொல்ல வந்திருக்கிறாள் எண்டுதான் நினைப்பார்.”

அது சரிதான். டெலிபோனில் சொல் என்றேன். முடியாது என்றாள். சுவாமியாரைக் கொண்டு சொல்விப்போம் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்கு உடுக்கிற நீலச் சேலையை உடுத்துக்கொண்டு வந்து என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறினாள். “பாங்குக்கு விடு” என்றாள்.

வங்கியில் சனம். பென்சன் எடுக்க வந்த கிழடுகளும், வெளிநாட்டுக் காசு எடுக்க வந்த அம்மாக்களும் வரிசையாக நின்றார்கள். பெடியன் காட்டிய இடமெல்லாம் அக்கா கையெழுத்து வைத்தாள். மனேஜர் கண்ணாடி அறைக்குள் ஏதோ எழுதுகிற மாதிரிக் குனிந்து இருந்தார். எழுதவில்லை, பேனை மூடியே கழற்றவில்லை.

“மனேஜரை ஒருக்கா வரச்சொல்லும் தம்பி” என்றாள் அக்கா.

“ஏன் அக்கா, எல்லாம் சரிதானே?”

“நீர் வரச்சொல்லும்.”

அவர் வந்து கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றார். “வாழ்த்துக்கள்” என்றார். வங்கியில் சொல்கிற சொல்தான், ஆனால் சத்தம் வெளியே வரவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டை வந்தது என்னத்துக்கு?” என்றாள் அக்கா.

வரிசையில் நின்ற அத்தனை சனமும் பேச்சை நிற்பாட்டியது. மனேஜருக்கு நெற்றி வேர்த்தது.

“அது... நான் பேந்து வீட்டை வந்து சொல்லுறன்.”

“வீட்டை வரவேண்டாம். வீட்டை வந்தால் இல்லை எண்டதுதானே. இஞ்சையே கேளுங்கோ.”

ஐயோ, என் அக்காவா இது? மனேஜர் கவுண்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“உங்கடை கடன் முடிவாகமுன்னம் கேட்டால் அது முறையில்லை,” என்றார். “அதாலை உங்கடை பைலை நான் பாக்கேல்லை, யாழ்ப்பாணப் பெரிய பாங்குக்கு அனுப்பிப்போட்டுக் காத்துக்கொண்டிருந்தனான். போன வெள்ளி சரி எண்டு வந்தது. அதுதான் ஞாயிறு வந்தனான். எனக்கு... எனக்குக் கேக்கத் தெரியேல்லை. நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டுப் பழக்கமில்லை. தனிய இருந்து அலுத்துப்போச்சுது. உங்களுக்கு விருப்பமெண்டால்...”

அதற்கு மேல் வரவில்லை. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

“நான் கிளிநொச்சிக்கு வரமாட்டன்,” என்றாள். “மில்லை இஞ்சைதான் போடுவன்.”

இந்த மனுஷி மறுபடியும் கெடுத்தாளே என்று அவளுடைய முழங்கையைப் பிடித்தேன். ஆனால் மனேஜர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“நீங்கள் ஏன் வரவேணும்? நான் வாறன். கிழமைக்குக் கிழமை பஸ் ஏறி வாறன். பென்சன் எடுத்தால் முழுக்க வந்திடுவன்.”

“அப்ப ஓம்” என்றாள் அக்கா.

“ஓமோ?”

“ஓம் எண்டால் ஓம்தான். எத்தினை தரம் சொல்லுறது?”

மனேஜர் சிரித்தார். அவ்வளவு காலமும் அந்த மனிதரின் பல்லை நாங்கள் முழுதாகப் பார்த்ததில்லை. வரிசையில் முதலாவதாக நின்ற பென்சன்காரக் கிழவர் தடியால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினார். “நல்ல விசயம் பிள்ளையள், கடவுள் ஆசீர்வதிக்கட்டும். இப்ப கொஞ்சம் தள்ளி நிண்டு சிரியுங்கோ, எனக்குப் பஸ் போகப்போகுது.” வங்கி முழுக்கச் சிரித்தது.

திரும்பி வரும்போது அக்கா ஸ்கூட்டியின் பின்னால் இருந்து என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் மறைத்து, றோட்டில் ஆட்டுக்குட்டி ஒன்றின்மேல் ஏற்றப் பார்த்தேன். எங்களுக்காகவே வாழ்ந்த மனுஷி, இன்றைக்குத் தனக்கென்று ஒன்றை, அதுவும் ஊர் பார்க்க, வாய் திறந்து கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள். வீட்டுப் படலையில் இறங்கியதும் அவள் உள்ளே போகவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“என்னடி அக்கா?” என்றேன் பயந்துபோய்.

“அவருக்குத் தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி எண்டு கேக்க மறந்துபோனன்” என்றாள்.